தூசி தின்ற இடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தூசியிலும் ரகம் உண்டு. வற்றல் மிளகாய் மூட்டை அவிழ்க்கிற இடத்தில் தும்மல் வரவழைக்கும் ரகம். அரிசிக் கிட்டங்கி வாசலில் மாவாகப் படியும் ரகம். சாக்கு உதறுகிற இடத்தில் சணல் இழையாகப் பறக்கும் ரகம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய கடைத்தெரு இது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தால், ஆரியசாலை வருவதற்குள் எல்லா ரகமும் சட்டையில் ஏறியிருக்கும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வியாபாரம் செய்கிற பகுதி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது, கூட வருகிற வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, பத்மநாபபுரம் இருக்கிற கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் முருகன் வருஷந்தோறும் எல்லை தாண்டி வந்து போகிறார்.

மளிகைக்காரருக்கு இந்தத் தூசி பழகிப்போன சங்கதி. இருட்டறை வைத்துப் படம் போட்ட ஸ்டூடியோக்காரருக்கோ அன்றாடப் பகை. காரணம் எளிது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து விளக்கைப் போட்டால், நெகட்டிவின் மேல் கிடக்கிற தூசி வெளிச்சத்தை மறிக்கும். மறித்த இடத்தில் பேப்பருக்கு வெளிச்சம் படாது. வெளிச்சம் படாத இடம் டெவலப்பரில் கறுக்காது. ஆகவே படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நூலிழை கிடந்தால் வெள்ளைப் புழு. நெகட்டிவ் சுருளாமல் இருக்க இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். அப்போது கண்ணாடிக்கு நான்கு பக்கம், நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் என்று தூசி உட்கார ஆறு பரப்புகள் கிடைத்துவிடும்.

பிரிண்ட் போடும் நாளில் தரையை ஈரத்துணியால் துடைப்பார்கள். ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ரப்பர் பம்பால் ஊதி, மென்மயிர்த் தூரிகையால் தட்டி, நெகட்டிவை விளக்கில் சாய்த்துப் பார்த்து மறுபடி ஊதுவார்கள். இத்தனைக்குப் பிறகும் தப்பிவிடும் ஒரு துணுக்கு, தவறாமல் யாருடைய கன்னத்திலோ கண்மணியிலோதான் போய் உட்காரும். சாதாரண வேட்டியில் விழுந்தால் யாருக்கும் தெரியாதே, அங்கே ஏன் விழாது என்று இருட்டறைக்காரர்கள் எல்லா ஊரிலும் புலம்பியிருப்பார்கள். உண்மையில் வேட்டியிலும்தான் விழுந்திருக்கும். வெள்ளையில் வெள்ளை தெரிவதில்லை, அவ்வளவே.

கறுப்புப் புள்ளிக்கு வேறு கதை. படம் எடுக்கும்போதே கேமராவுக்குள் ஃபிலிம்மீது தூசி இருந்திருந்தால், அந்த இடம் பதியாமல் நெகட்டிவில் ஊசித்துளைபோல வெறுமையாக நிற்கும். பிரிண்டில் அது கரும்புள்ளி. வெள்ளையைக் கறுப்பாக்க மை போதும். கறுப்பை வெளுப்பாக்குவது கஷ்டம். பிளேடு முனையால் ஜெலட்டின் தோலை நோகாமல் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுந்தினால் பளபளப்பு போய்ப் புண் தெரியும். அல்லது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் ஹைப்போவையும் கலந்து ஒரு சொட்டு வைத்து வெள்ளியைக் கரைக்க வேண்டும். ஹோவர்ட் ஃபார்மர் என்ற ஆங்கிலேயர் 1883-இல் சொன்ன கலவை அது. இவை இரண்டையும்விடத் தந்திரமான வழி ஒன்று உண்டு. நெகட்டிவிலேயே அந்தத் துளையை ஒபேக் என்ற ஒளிபுகாச் சிவப்புப் பூச்சால் அடைத்துவிட்டால் பிரிண்டில் கரும்புள்ளி வெண்புள்ளியாக மாறி விழும். பிறகு மைதான்.

அந்த மை வேலைக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். ஸ்டூடியோப் பேச்சில் எல்லாமே டச்சிங். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிற மேஜை. படத்தின்மேல் கை வியர்வை படாதிருக்க உள்ளங்கைக்கு அடியில் ஒரு பிளாட்டிங் பேப்பர். திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு காலத்திலும் காற்றின் ஈரத்தில் ஜெலட்டின் இளகிப் பிசுபிசுக்கும். விரல் பட்டால் ரேகை விழும். பீங்கான் தட்டில் மை. சீன மை வைத்திருந்தவர்கள் உண்டு, போட்டோ சாயம் வைத்திருந்தவர்கள் உண்டு. சில பேப்பர்களின் கறுப்பில் பழுப்பு ஏறியிருக்கும், அதற்கு மையிலும் ஒரு துளி பழுப்பு சேர்க்க வேண்டும். தூரிகை மிக மெலிந்தது, ஆனால் நல்ல ரோமம். முனை கூர்மையாக நின்றால் போதும், அளவு எண்ணெல்லாம் இரண்டாம்பட்சம்.

தூரிகையை மையில் தொட்டு, கிட்டத்தட்ட முழுவதையும் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பலர் நாக்கில் வைத்து முனை பிடிப்பார்கள். எச்சில் கலந்தால் மை ஜெலட்டினில் உருண்டு நிற்காமல் இறங்கும் என்பது அனுபவத்தில் கண்டது, அதில் உண்மையும் உண்டு. கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்து நிறம் பார்ப்பார்கள். பிறகு படத்தில். பூசக் கூடாது, தீட்டக் கூடாது, குத்த வேண்டும். சுற்றியுள்ள சாம்பலைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில் ஒரு குத்து, காய விட்டு இன்னொரு குத்து. தூரிகையில் மை புதிதாக இருக்கும்போது தலைமுடி, கோட்டு போன்ற கருத்த இடங்கள். மை தீரத் தீர நெற்றி, கன்னம். கடைசிச் சொச்சத்தில் வானம். இப்படிப் போனால் ஒரே தொடுகையில் படம் முழுக்கச் சுற்றி வரலாம். வெண்புள்ளியை முழுசாக நிரப்ப வேண்டிய அவசியமும் கிடையாது. நடுவில் நாலு குத்து வைத்து ஓரத்தை விட்டுவிட்டால் மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர் விளிம்புவரை நிரப்பி, வெண்புள்ளி இருந்த இடத்தில் ஒரு கருவளையம் உண்டாக்கிவிடுவார்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இதைப் பார்க்கலாம். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பான பரப்பில் அங்கங்கே பளபளப்பில்லாத சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அவை டச்சிங். மையில் கொஞ்சம் கருவேலம் பிசின் கலந்து அந்த வித்தியாசத்தையும் மறைத்தவர்கள் உண்டு. அவர்களை வேறு வழியில் கண்டுபிடிக்கலாம். வருஷங்கள் போகப் போகப் படத்தின் வெள்ளி மங்கிப் பழுப்பேறும். மை அதன்கூடவே மங்காது. ஆகவே ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, பழுத்துப்போன சேலை மடிப்பில் நீலம் பாய்ந்த புள்ளிகள் வரிசையாக நிற்கும். அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரியாமல் செய்த வேலை இன்றைக்குத் தானே வெளியில் வருகிறது.

இந்த வேலை ஆரம்பத்தில் இத்தனை பெரிதாக இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இருந்த சக்கரியா டி'குரூஸ் போன்றவர்களின் காலம் கண்ணாடித் தகடுகளின் காலம். தகடு எத்தனை பெரிதோ படமும் அத்தனை பெரிது. தகட்டைப் பேப்பர்மேல் வைத்து அப்படியே அச்சிட்டார்கள். தூசியும் தன் அளவிலேயே விழும். திருத்தம் வேண்டுமென்றால் தகட்டிலேயே பென்சில் பிடிக்கலாம். ஒரு தடவை திருத்தினால் எத்தனை பிரதி போட்டாலும் திருத்தம் கூடவே வரும். அப்புறம் 120 ஃபிலிம் வந்தது, அதன்பின் 35 மி.மீ. வந்தது. 35 மி.மீ. நெகட்டிவில் ஒரு முகம் அரிசிமணி அளவுகூட இருக்காது. அதில் எந்தப் பென்சிலை வைப்பது? மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நூலிழை, நம் வீடுகளில் மாட்டுகிற 12×15 அங்குலப் படத்தில் ஒரு மி.மீட்டரைத் தாண்டிவிடும். கேமரா சிறுக்கச் சிறுக்கத் தூசி பெருத்தது. திருத்தம் நெகட்டிவைவிட்டுப் பிரிண்டுக்கு வந்தது. பிரிண்டுக்கு வந்ததும் வேலை பெருகிவிட்டது. பத்துப் பிரதி கேட்டால் பத்திலும் தனித்தனியாகக் குத்த வேண்டும்.

ஊரில் புகைப்படம் வளர்ந்த காலமும் அதுதான். புகைப்படக் கலைஞர் சிவன் 1959-இல் ஸ்டாச்சு பகுதியில் தொடங்கிய சிவன்ஸ் ஸ்டூடியோவைத் திருவனந்தபுரத்தில் தெரியாதவர் குறைவு. அரசியல் தலைவர்களையும், 'செம்மீன்' படப்பிடிப்பையும் கேமராவில் பிடித்த அவர் 2021-இல் காலமானார். அவர் பெயர் நமக்குத் தெரியும். எந்த ஸ்டூடியோவிலும் ஜன்னலோர மேஜையில் குனிந்திருந்தவர்களின் பெயர் தெரியாது. படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரைதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பையன் முதலில் பிரிண்ட் கழுவுவான், பிறகு உலர்த்துவான், பிறகு தூரிகை கைக்கு வரும். கேமராவைத் தொடுவதற்கு வருஷங்கள் ஆகும். சிலர் தூரிகையோடே நின்றுவிட்டார்கள். தொழிலின் அத்தனை பொறுமையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழில் எழுதியவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்தவர், 2015-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், அவரும் 2021-இல்தான் போய்ச் சேர்ந்தார். அவர் கதைகளில் நடமாடுகிற சுமை தூக்கிகளையும் கடைத்தெருவையே வீடாகக் கொண்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஆயுளில் எத்தனை தடவை கேமராவுக்கு முன்னால் நின்றிருப்பார்? கல்யாணத்துக்கு ஒன்று, அதிகம் போனால் ஏதாவது அடையாள அட்டைக்கு ஒன்று. 1970-களில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபின் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று. அந்த ஒற்றைப் படத்தில் கண்மணிமேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால், பேரன் காலத்திலும் தாத்தாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது என்று ஆகிவிடும். அந்தப் புள்ளியில் குத்திய நாலு குத்துக்குக் கூலி சொற்பம்.

டச்சிங்காரர்களைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. தூசியை மட்டும் தொட்டவர்கள் அல்ல அவர்கள். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் நெகட்டிவின்மேல் பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பை அழித்தார்கள், மாநிறத்தை ஒரு படி வெளுப்பாக்கினார்கள். வீட்டார் கேட்டார்கள், அவர்கள் செய்தார்கள். இறந்துபோனவரின் படம் வேறு இல்லையென்றால், கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அவர் தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, பக்கத்தில் நின்றவரின் தோளை அழித்து, கோட்டும் டையும் வரைந்து கொடுத்தார்கள். வாழ்நாளில் கோட்டுப் போடாத எத்தனையோ பேர் நம் சுவர்களில் கோட்டோடு தொங்குகிறார்கள். ஆனால் கோட்டு பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முகம் மெய் என்பதும் தெரியும்.

இந்த உலகம் ஒரே நாளில் கலைந்துவிடவில்லை. 1980-களில் கலர் பிடித்துக்கொண்டது. ஃபிலிம் சுருள் கலர் லேபுக்குப் போய் இயந்திரத்திலிருந்து அச்சாகத் திரும்பி வந்தது. இருட்டறை பாஸ்போர்ட் படத்துக்கும் பத்திரிகைப் படத்துக்கும் என்று சுருங்கியது. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் கொடுத்துவந்த பொதுத்துறை நிறுவனம். அது 1990-களிலேயே நலிந்த நிறுவனமாகி, பிறகு மூடிப்போனது. கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளை பேப்பர் தயாரிப்பதை நிறுத்தியது. இன்றைக்கும் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு பேப்பர் கிடைக்கிறது, ஆர்வலர்கள் இருட்டறை வைத்திருக்கிறார்கள், தூரிகையும் பிடிக்கிறார்கள். பிழைப்புக்காகப் பிடிக்கிறவர்கள்தான் அரிதாகிவிட்டார்கள்.

கணினிக்கு இந்த வேலை எப்படிப் போயிற்று என்பது சுவாரசியமான கதை. ஃபோட்டோஷாப்பை எழுதிய நோல் சகோதரர்களின் தந்தை வீட்டு அடித்தளத்தில் இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகளுக்கு அங்கே பழக்கம். 1990-இல் வெளிவந்த அந்த மென்பொருளின் கருவிப் பட்டையில் இன்றும் இருட்டறையின் கைவேலைகள் சின்னங்களாக இருக்கின்றன. வெளிச்சத்தை மறைக்கும் வட்டத் தட்டு ஒன்று, வெளிச்சத்தைக் குவிக்கும் கை ஒன்று. 2002-இல் ஏழாம் பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' வந்தது. பக்கத்திலுள்ள நல்ல தோலின் நெசவை எடுத்துப் புள்ளியின்மேல் போட்டு, நிறத்தையும் அதுவே ஒத்திசைத்துவிடும். இன்றைய ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்த இளைஞர் தேநீர் ஆறுவதற்குள் பத்துப் புள்ளி நீக்கிவிடுகிறார். ஒரு தடவை நீக்கினால் எல்லாப் பிரதிக்கும் போதும். அந்த விஷயத்தில் கணினி நம்மைக் கண்ணாடித் தகடு காலத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

ஆனால் பழைய நெகட்டிவ் கட்டுகளை ஸ்கேன் செய்யப் போனவர்கள் ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார்கள். நல்ல ஃபிலிம் ஸ்கேனர்களில் தூசியைத் தானே நீக்கும் வசதி 1990-களின் இறுதியிலிருந்து உண்டு. அகச்சிவப்புக் கதிர் கலர் ஃபிலிமின் சாயங்களை ஊடுருவிப் போய்விடும், தூசியிலும் கீறலிலும் மட்டும் தடைபடும். தடைபட்ட இடமெல்லாம் தூசி என்று கண்டுகொண்டு இயந்திரம் நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இது பலிக்காது. அங்கே உருவம் சாயத்தில் இல்லை, உலோக வெள்ளியில் இருக்கிறது. வெள்ளி அகச்சிவப்பையும் மறிக்கும். இயந்திரத்துக்குத் தாத்தாவின் மீசையும் தூசிதான். அதனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் இன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்து, திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகக் கையால்தான் எடுக்க வேண்டும். நம் ஊர் நெகட்டிவில் தூசியோடு பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல தீனி. அது தின்ற இடத்தில் அடியில் உருவமே மிஞ்சாது.

இங்கேதான் புதிதாக ஒருவர் நுழைகிறார். மங்கிய முகத்தை ஒரே சொடுக்கில் துலக்கிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். இந்த வகையில் பெயர்பெற்ற ஜிஎஃப்பி-கேன் என்ற நிரல் 2021-இல் வந்தது. அது முகம் பழகியது, ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படங்களைக் கொண்ட ஒரு தொகுப்பில். பாட்டியின் கண் இருந்த இடம் பூஞ்சையில் போயிருந்தால், அந்த முகங்களிலிருந்து கற்றுக்கொண்ட கண் ஒன்று அங்கே வந்து உட்காரும். இமைமயிர்வரை துல்லியமாக இருக்கும். பாட்டியைப் பார்த்தவர்கள் 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மா இப்படி இருக்கமாட்டாளே' என்பார்கள். பார்த்தவர்கள் போனபின் அப்படிச் சொல்ல ஆளிருக்காது.

தூரிகைக்காரர் தூசி தின்ற இடத்தில் வைத்த சாம்பல், அதே கன்னத்தில் ஒரு நூல் தள்ளி இருந்த சாம்பல். அந்த முகத்துக்கு வெளியிலிருந்து அவர் எதையும் எடுக்கவில்லை. ஹீலிங் பிரஷ்கூட அந்த ஒழுங்குக்குள்தான் நிற்கிறது. செய்திப் படங்களை மயிர்பிளந்து பார்க்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் விதிகளும் சென்சார் தூசியையும், நெகட்டிவ் ஸ்கேனிலுள்ள கீறலையும் நீக்க இடம் கொடுக்கின்றன. படத்தில் இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ இடமில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஸ்டூடியோ மேஜைகளில் எழுதாமல் இருந்த கோடு அது. கோட்டும் டையும் மாட்டிவிட்டவர்கள் அதைத் தாண்டியிருக்கிறார்கள்தான், ஆனாலும் முகத்துக்கு உள்ளே வேறொரு முகத்தை வைக்கத் தூரிகைக்குத் தெரியாது. புதிய செயலிகளின் மீது எனக்குள்ள குறை இது ஒன்றுதான், ஆனால் பெரிய குறை.

ஆகவே, வீட்டில் பழைய படங்களும் நெகட்டிவுகளும் இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள், பிரிண்டில் இல்லாத விவரம் அதில் இருக்கும். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் தனித்தனிக் காகித உறையில், ஈரம் எட்டாத இடத்தில் வையுங்கள். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்பவரிடம் தானியங்கித் தூசி நீக்கியை அணைக்கச் சொல்லுங்கள். திருத்திய பிரதியோடு திருத்தாத மூலப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். செயலியில் போட்டுத் துலக்கியது தனி, அசல் தனி என்று பெயரிட்டு வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும்.